முதலில் மலை, பின்னர் கடல்

நிலாவெளிக்கு அப்பால், 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவு உள்ளது. அதனைச் சூழ்ந்த முருகைக் கற்களைக் காண, முதுகிற் காற்றுக்கலம் தாங்கி, வழிகாட்டியுடன் சுழியோடுவோர் பலர். கரையேறிய கையோடு மாத்தளை வழியே ரிவர்ஸ்டன் மலைக்குப் புறப்பட எண்ணும் இளைஞர்க்கு ஒரு வார்த்தை.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடும். அப்பொழுது சுவாசிக்கும் காற்றின் நைதரசன் குருதியிலும் தசையிலும் மிகுதியாகக் கரையும். அது முற்றாக நீங்கப் பல மணி நேரம் செல்லும். அதற்குள் 1000 மீற்றருக்கு மேற்பட்ட ரிவர்ஸ்டனை அடைந்தால், அங்கே காற்றமுக்கம் குறைவாதலின், மூடி திறந்த சோடாப் போத்தலிற் போல உடலினுள் குமிழிகள் தோன்றக்கூடும். மூட்டுவலியும் தலைச்சுற்றும் மட்டுமன்றி, சிலவேளை கைகால் வழங்காமற் போதலும் அதன் விளைவாம்.

விமானமேறுமுன், ஒருமுறை சுழியோடியவர் குறைந்தது 12 மணி நேரமும், பன்முறை சுழியோடியவர் 18 மணி நேரமும் பொறுத்தல் வேண்டுமென்பர் வல்லுநர். மலையேறுவோரும் அவ்வாறே பொறுத்தல் நன்று. வழிகாட்டியின் துணை கரையோடு முடிந்துவிடும். ஆதலின் அடுத்துச் செல்லுமிடத்தை அவரிடம் முன்னரே கூறுக. அதனினும் எளிய வழி, மலையை முதலிற் கண்டு, கடலைப் பின்னர்க் காண்பதே.