தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளருமாம்!

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் சார் மீன் வளரும். பயப்படாம வாங்கிட்டுப் போங்க!"

வண்ணமீன் கடைகளில் மீனோடு சேர்த்து விற்கப்படும் பொய் இது. அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய், விரல் நீள அரோவனாக் குஞ்சையோ, முதலை மூக்கு வைத்த 'அலிகேட்டர் கார்' குஞ்சையோ கவரில் வாங்கி வருகிறவரிடம் அது எவ்வளவு பெரிதாகும் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. "வாஸ்து மீன் சார், பணம் கொட்டும்" என்பார்கள். கொட்டும்தான்... கடைக்காரருக்கு!

கொஞ்சம் கணக்கு பார்க்கலாமா?

வெள்ளி அரோவனா அமேசான் ஆற்று மீன். முழுதாக வளர்ந்தால் மூன்றடிக்குப் பக்கம் வரும். சிவப்புவால் கெளுத்தி ஒரு மீட்டரைத் தாண்டும். அலிகேட்டர் கார் கேட்கவே வேண்டாம். 2011ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிடிபட்ட ஒன்று எட்டடிக்கு மேல் நீளம், 148 கிலோ எடை!!!

வீட்டு ஹாலில் வைக்கும் 2 x 1 x 1 அடி தொட்டி பிடிப்பது சுமார் 56 லிட்டர். மூன்றடி மீன் அதில் திரும்பக்கூட முடியாது. 6 x 2 x 2 அடி தொட்டி வாங்கினால் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ, கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. மாடியில் வைப்பவர்கள் முதலில் கொத்தனாரைக் கேட்பது நல்லது. இத்தனைக்குப் பிறகும் வளர்ந்த அரோவனா வசதியாகத் திரும்ப அந்த இரண்டடி அகலம் போதாது. துள்ளிக் குதிக்கும் மீன் என்பதால் கனமான மூடியும் வேண்டும்.

"எங்க வீட்ல சின்னதாத்தானே இருக்கு?" என்பார் ஒருவர். அது தொட்டிக்குத் தக்கபடி வளர்ந்த மீன் இல்லை ஐயா, வளர முடியாமல் போன மீன்! கறி தின்னும் மீனின் கழிவில் அம்மோனியா அதிகம். சின்னத் தொட்டியில் அது சீக்கிரம் ஏறும். மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறி வாழ்ந்து, வயசுக்கு முன்னால் சாகும்.

சாகாமல் வளர்ந்துவிட்டால்? அங்கேதான் ஆபத்து. தீனி கட்டுப்படி ஆகாது. கொல்லவும் மனசு வராது. "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாயில் விட்டுவிடுவார்கள். பாவம் யார்? கண்மாயில் இருக்கும் கெண்டையும் குறவையும்தான்!

2018 வெள்ளத்தில் கேரளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா ஆறுகளில் பிடிபட்டது. 2023ல் ஸ்ரீநகர் தால் ஏரியைச் சுத்தம் செய்தபோது அலிகேட்டர் கார் சிக்கியது. காஷ்மீருக்கு அது நீந்தியா போனது? கலங்கிய, காற்றுக் குறைந்த தண்ணீரிலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன் அது. புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும் திருவிழா உண்டு. அதில் ஒரு கார் சிக்கி, அதன் சினையை யாராவது குழம்பு வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? அந்தச் சினை மனிதருக்கு விஷம்!

"ஒரே ஒரு மீன்தானே" என்று சொல்லாதீர்கள். ஜிலேபி கெண்டையும் வெளியிலிருந்து வந்ததுதான், 1952ல். இன்றைக்கு அது இல்லாத கண்மாய் எங்கே?

ஆகவே மக்களே, குஞ்சைப் பார்த்து மீன் வாங்காதீர்கள். முழு வளர்ச்சியைக் கேளுங்கள். அந்த நீளத்துக்குத் தொட்டி வைக்க முடியாதென்றால் கப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் விற்ற கடைக்கே திருப்பிக் கொடுங்கள். கொலைகார மீன்தான் அழகு என்று தோன்றினால், கண்மாய்க் கரையில் உட்கார்ந்து விரால் குஞ்சுக்குக் காவல் காப்பதைப் பாருங்கள். காசே இல்லை!