நிற்க இடம் வேண்டும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் தீவுகளைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது குறிகட்டுவான் இறங்குதுறையை மட்டுமே. பண்ணைத் தாம்போதியில் ஏறும் பேருந்து மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று ஓடி, வாணர் தாம்போதியைக் கடந்து, புங்குடுதீவை ஊடறுத்து அதன் மேற்குக் கரையில் போய் நிற்கும். யாத்திரிகர்கள் படகேறி நயினாதீவுக்குச் செல்வார்கள். நாகபூசணி அம்மனையோ நாகவிகாரையையோ, சிலர் இரண்டையுமோ, வழிபட்டுத் திரும்புவார்கள். பேருந்து வந்த வழியே அவர்களை நகருக்குக் கொண்டு சேர்க்கும். முப்பது கிலோமீற்றருக்குச் சற்று முன்பின்னான அந்த வழியில் வாழும் மக்களுக்கு இந்தப் பயணத்தால் மிஞ்சுவது தூசியும் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களும்.

இந்தச் சாலையைச் சைக்கிள் பயணிகளுக்கான சுற்றுலாப் பாதையாக ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சில காலமாகவே நண்பர்களிடம் சொல்லி வருகிறேன். சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பின் காரணம் எனக்கு விளங்குகிறது. சைக்கிள் (அரச கடிதங்களில் துவிச்சக்கர வண்டி) எங்களுக்கு உல்லாசப் பொருளாக இருந்ததில்லை. எரிபொருள் தடை நிலவிய தொண்ணூறுகளில் நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் அதில்தான் போயின. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது ஒரு குடும்பத்தின் உடைமை முழுவதும் ஒரு கரியரில் அடங்கிற்று. அப்படிப்பட்ட வண்டியைப் பொழுதுபோக்குக்காக மிதிப்பதா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

என் அண்ணன் மகன் ஒருவன் பாரிஸில் வாழ்கிறான், பிறந்தது புங்குடுதீவில். கோடை விடுமுறையில் நண்பர்களோடு ஸ்பெயினின் ரியோஹா மாநிலத்துக்குப் போய் ஒரு வாரம் திராட்சைத் தோட்டங்களினூடே சைக்கிள் மிதிப்பான். ஊருக்கு வந்தால் குளிரூட்டிய வானில் குறிகட்டுவானுக்குப் போவான். ஏனென்று கேட்டேன். "அங்கை நிக்கிறதுக்கு இடமிருக்கு, சித்தப்பா. இஞ்சை எங்கை நிக்கிறது?" என்றான். அவனுடைய கேள்வியைச் சில நாட்கள் மனதில் போட்டுப் புரட்டிய பிறகே இதை எழுதுகிறேன்.

ரியோஹாவில் என்ன இருக்கிறது? எப்ரோ என்னும் ஆறு. அதன் இருமருங்கும் திராட்சை. சில கிலோமீற்றருக்கு ஒரு சிற்றூர். ஊருக்கு ஊர் ஒரு தேவாலயம், ஒரு சிற்றுண்டிச்சாலை, கதவு திறந்திருக்கும் வைன் கூடம். புனித யாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ நகருக்கான யாத்திரைப் பாதையும் அம்மாநிலத்தின் லோக்ரோன்யோ, நாஹெரா ஆகிய ஊர்கள் வழியாகவே செல்கிறது. யாத்திரிகர் கையில் ஓர் ஏடு இருக்கும். வழியில் உள்ள சத்திரங்களிலும் தேவாலயங்களிலும் அதில் முத்திரை பதித்துக் கொள்வார்கள். கடைசி நூறு கிலோமீற்றரை நடந்தோ, இருநூறு கிலோமீற்றரைச் சைக்கிளிலோ கடந்தவருக்குச் சந்தியாகோவில் சான்றிதழ் கிடைக்கும். கைவிடப்பட்ட ரயில் தடங்களைச் சைக்கிள் பாதைகளாக மாற்றும் திட்டத்தை ஸ்பெயின் 1993 இல் தொடங்கியது. சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீற்றர் விலகிச் செல்ல வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இவற்றுள் பெரும்பணம் கேட்பவை மிகச் சில. முத்திரைக்கு வேண்டியது ஒரு மரக்கட்டையும் சிறிது மையும்.

எங்களிடம் உள்ளதையும் பார்ப்போம். குன்று என்ற சொல்லுக்கே இடமில்லாத சமதரை. பண்ணையைக் கடந்ததும் இருபுறமும் ஆழமற்ற பரவைக் கடல், பருவத்தில் பூநாரைகள். வேலணையில் சாட்டிக் கடற்கரையும், கடற்பயணிகளைக் காப்பவளென நம்பப்படும் சிந்தாத்திரை மாதாவின் திருத்தலமும். வடக்கே திரும்பினால் பழைய துறைமுகப் பட்டினமான ஊர்காவற்றுறை. அங்கிருந்து காரைநகருக்கு மிதவை ஒன்று ஓடுகிறது. அதை நாங்கள் 'பாதை' என்றே அழைக்கிறோம். அது ஓடும் நாளில் கடற்கோட்டையைப் பார்த்தபடி அக்கரை சேர்ந்து, பொன்னாலைத் தாம்போதி, வட்டுக்கோட்டை வழியாக ஒரே பகலில் நகருக்குத் திரும்பிவிடலாம். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரக் கடற்பயணத்தில் நெடுந்தீவு. பவளப்பாறைக் கற்களை அடுக்கிய வேலிகளும், பெருக்கமரமும், கட்டாக்காலிக் குதிரைகளும் கொண்ட அந்தத் தீவுக்குச் சைக்கிளை விடப் பொருத்தமான ஊர்தி இல்லை. காற்றை மட்டும் அறிந்து வர வேண்டும். சோழகம் வீசும் மாதங்களில் குறிகட்டுவானை நோக்கி மிதிப்பவர் தலையைக் குனிந்துகொண்டுதான் போவார். மாரி ஓய்ந்து தை பிறந்தபின் வருவதே உசிதம்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பனை இருக்கிறது. ரியோஹாவுக்குத் திராட்சை எதுவோ, தீவகத்துக்குப் பனை அது. உள்ளே சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்கினால் கருப்பணி. பூசாத முட்டியில் இறங்கினால் சில மணி நேரத்தில் கள். வைனைப் போத்தலில் அடைத்துக் கப்பலேற்றினால் தோக்கியோவிலும் அருந்தலாம். போத்தலில் பதப்படுத்திய கள்ளும் விற்பனைக்கு உண்டு. ஆயினும் காலையில் இறக்கிய முட்டியின் சுவை அதற்கில்லை. காலைக் கள் மாலையில் புளித்துவிடும். அந்தச் சுவை வேண்டுமானால் மரத்தடிக்குத்தான் வர வேண்டும். ஒரு சுற்றுலாப் பாதைக்கு இதைவிட நல்ல காரணம் எங்கே கிடைக்கும்?

ஆயினும் எங்கள் சுற்றுலாக் கையேடுகளில் பனை இருக்கும். சீவல் தொழிலாளி இருக்கமாட்டார். பனையோலைப் பெட்டி இருக்கும். அந்த மரத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்குகிற மனிதர் இருக்கமாட்டார். ரியோஹாவில் திராட்சை வளர்த்த குடும்பத்தின் பெயர் பல போத்தல்களில் பெருமையோடு அச்சாகிறது. இங்கே தளைநாரும் பாளைக் கத்தியும் கொண்டு உயிரைப் பணயம் வைக்கிறவரின் தொழிலைச் சாதியோடு பிணைத்து, அவரை நாற்சாரத்துக்கு வெளியே நிறுத்திய சமூகம் நாங்கள். கள்ளை அருந்துவோம், இறக்கியவரின் பெயரைக் கேட்கமாட்டோம். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. கள்ளை விற்கும் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. தவறணை மட்டும் இன்னும் தலையைக் குனிந்துகொண்டு நுழையும் இடமாகவே இருக்கிறது. பெறாமகன் சொன்ன 'நிற்க இடமில்லை' என்பதன் பொருளை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். இடம் இருக்கிறது. அதைக் காட்ட நாங்கள் வெட்கப்படுகிறோம்.

குடியை வளர்க்கச் சொல்கிறீர்களா என்று வாசகர்கள் கேட்பார்கள். வடக்கில் மதுவால் சீரழிந்த குடும்பங்களைப் பற்றி நானும் பக்கம் பக்கமாக எழுதியவன். அவ்வீடுகளில் பலவற்றை அழித்தது கசிப்பு. நான் கேட்பது கருப்பணியும், பனங்கட்டியும், பனாட்டும், ஒடியற் கூழும் முன்வரிசையில் இருக்கும் ஒரு கடை. கள் அதில் ஒரு பொருள். தண்ணீர் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. தீவகத்தின் கிணறுகளில் பல உவர். நெடுந்தீவில் குடிநீர் என்றும் கவலைக்குரியது. ஆகவே நீச்சல் தடாகம் கட்டும் ஹோட்டல்கள் வேண்டாம். மனிதர் வாழும் வீடுகளில் ஒழிந்து கிடக்கும் அறைகள் போதும்.

அந்த அறைகள் ஏன் ஒழிந்தன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1990 இல் தொடங்கிய இடப்பெயர்வின்பின் தீவகத்துக்குத் திரும்பியவர் சிலர். பாரிஸிலும் ரொறன்ரோவிலும் தங்கிவிட்டவர் பலர். ஸ்பெயினின் உள்நாட்டுக் கிராமங்களும் ஆளின்றி வெறுமையாகின்றன. 2019 மார்ச்சில் அம்மக்கள் மத்ரித் நகரில் திரண்டு தங்கள் ஊர்களைக் கைவிடாதீர்கள் என்று அரசிடம் கேட்டார்கள். அங்கே இளைஞரை இழுத்தது நகரம். இங்கே துரத்தியது போர். பேருந்தின் கண்ணாடிக்குள் இருந்து பார்ப்பவருக்குக் கூரையற்ற வீடு ஒரு காட்சி, கண் இமைக்குமுன் அது போய்விடும். சைக்கிளில் வருபவர் அந்த வீட்டின் கிணற்றடியில் நிற்பார். யாருடைய வீடு என்று கேட்பார். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவிடம் நெடுந்தீவில் இருக்கிறது. அதன் முன் ஒரு தெற்கத்திய இளைஞன் சைக்கிளை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நிற்கும் முதியவரிடம் என்ன நடந்தது என்று கேட்பானாயின், அது எத்தனையோ நல்லிணக்கக் கருத்தரங்குகளுக்குச் சமம்.

செய்ய வேண்டியவை சிலவே. படகுகளில் சைக்கிளுக்கு ஓர் இடமும், எழுதி ஒட்டிய கட்டணமும். பண்ணையிலிருந்து குறிகட்டுவான் வரை, கோயில், தேவாலயம், விகாரை, வாசிகசாலை, தவறணை என்று எல்லா வாசல்களிலும் முத்திரை பதிக்கக்கூடிய ஓர் ஏடு. தாம்போதிகளின் இரு முனைகளிலும் நிழலும் குடிநீரும். முந்தும் வாகனம் விலக வேண்டிய தூரத்தைச் சொல்லும் பலகைகள். கடைகளை நடத்தும் உரிமை சீவல் தொழிலாளரின் சங்கங்களுக்கும் ஒடியல் காயவிடும் பெண்களுக்கும் முதலில் கிடைக்க வேண்டும். கொழும்பிலிருந்து முதலாளி வந்து பனையோலைக் குடிசை அமைத்து, அதில் கள் ஊற்றுபவனுக்குச் சீருடை மாட்டிவிடுவதற்கு முன் இது நடக்க வேண்டும்.

முத்திரை ஏட்டில் தவறணையைச் சேர்த்ததற்குக் கண்டனக் கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். எழுதுங்கள். ஆனால் எழுதுமுன் ஒருமுறை, தை மாதத்து விடிகாலையில், புங்குடுதீவுச் சாலையில் சைக்கிளில் போய்ப் பாருங்கள். தலைக்கு மேலே பாளை சீவும் ஓசை கேட்கும். இறங்கி நின்று, மரத்திலிருப்பவர் கீழே வரும்வரை காத்திருந்து, அவருடைய பெயரைக் கேளுங்கள்.