உங்கள் ஊர் மருத்துவச்சியின் பெயர் என்ன?



சென்ற இதழில் வெளியான அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டு பற்றிய கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அறுபது வயதைக் கடந்த பெண்கள் எழுதியவற்றில் ஒருவர் திரும்பத் திரும்ப வருகிறார்: ஊர் மருத்துவச்சி. வலி கண்டது எந்தக் கிழமை, அன்று மழையா வெயிலா, குழந்தையை அவர் காலில் போட்டு எப்படிக் குளிப்பாட்டினார், எல்லாம் நினைவிருக்கிறது. அவர் பெயரை மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

கிராமத்துப் பெண்கள் விவரம் தெரியாமல் மருத்துவச்சியை நம்பினார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் தங்கிவிட, ஈசனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது திருச்சி தாயுமானவர் கதை. வலி கண்ட நேரத்தில் ஆள் வந்து சேர வழியில்லை என்கிற அந்தத் தவிப்பு நம் அம்மாக்கள் காலம் வரைக்கும் தீரவில்லை. பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வலியோ நடுராத்திரியில் வரும். மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது? இதையெல்லாம் சமாளித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், வலியில் கத்தியதற்குத் திட்டு. பிள்ளையைத் துடைத்துக் கையில் கொடுக்கக் காசு. கேட்காமலேயே கருத்தடைக்குக் காப்பர் டி பொருத்தி அனுப்பியதும் உண்டு. 1990களில் தமிழ்நாட்டில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், 2003இல் வந்த தம் நூலில் இதையெல்லாம் பெண்களின் வாய்மொழியாகவே பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெண்கள் நிலவரம் தெரிந்து, கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தார்கள்.

மருத்துவச்சி வந்தால் என்ன நடக்கும்? என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலில் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார். பொய் வலி என்றால் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் கொல்லைப்புறத் தாழ்வாரத்திலேயே முந்தானையை விரித்துப் படுத்துக்கொள்வார். மெய் வலி என்றால் உத்தரத்தில் கயிறு கட்டச் சொல்வார். கயிற்றைப் பிடித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்த பெண்ணின் இடுப்பை விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டபடி பின்னாலேயே இருப்பார். பிள்ளை வந்த பிறகும் நஞ்சுக்கொடி விழும்வரை தொப்புள்கொடியில் கை வைக்க மாட்டார். அடுத்த பல நாட்கள் தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டுவது, தீட்டுத்துணி அலசுவது, காய மருந்து கிண்டிக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

கூலி? ஒரு மரக்கால் நெல், ஒரு பழைய சேலை, வெற்றிலை பாக்கோடு ஏதோ காசு. பெண் பிள்ளை என்றால் அதிலும் குறையும். பல ஊர்களில் அவர் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்துப் பெண். சில ஊர்களில் தலித் பெண். கொல்லை வழியாகத்தான் வர வேண்டும். அவர் வயதில் பாதிகூட இல்லாத மருமகளும் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசுவாள். வலி முற்றிய நேரத்தில் மட்டும் ‘ஆத்தா, கையை விட்ராத’ என்பாள். பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்ததும் பழையபடி ‘வா, போ’தான். இதை என்னால் இன்றைக்கும் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நம் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். பல கற்கள் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டவை. நிற்காத உதிரப்போக்குக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். வலிப்புக்கு மருந்து வேண்டும். பிள்ளை குறுக்கே கிடந்தால் அறுவை சிகிச்சை வேண்டும். எவ்வளவு கைராசியானவரிடமும் இவை இல்லை. அரிவாளால் கொடி அறுத்துச் சாம்பல் வைத்த வீடுகளில், பிறந்த ஒரு வாரத்தில் தாடை இறுகிப் பச்சிளம் பிள்ளைகள் இறந்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு, ஊர் மருத்துவச்சிகளைக் கூப்பிட்டுப் பயிற்சி தந்தது. சோப்பு, புது பிளேடு, சுத்தமான நூல் கொண்ட பையும் கொடுத்தது. அதனால் பலன் இருந்தது. ஆனாலும் தாய்மார்களின் மரணம் அதனால் மட்டும் குறையவில்லை என்று கண்டு, 1990களின் இறுதியில் உலக நாடுகள் முறையான பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர் பார்க்கும் பிரசவத்தின் பக்கம் திரும்பின.

தமிழ்நாட்டில் அந்த மாற்றம் வேகமாக நடந்தது. 1987இல் 300 ரூபாயோடு தொடங்கி 18,000 வரை வளர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், வீடு வீடாக நடந்த கிராம சுகாதார செவிலியர்கள், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ், எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. 1992-93இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிரசவம் வீட்டில் நடந்தது. 2019-21 கணக்கெடுப்பில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். பிழைத்த உயிர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 45 சதவீதம் பிரசவங்கள் சிசேரியன். இத்தனைக்கும் கத்தி தேவையா? இயல்பான பிரசவத்தில் தாய் தனக்குத் தோதான நிலையில் இருக்கலாம், அவள் விரும்பும் துணை பக்கத்தில் இருக்க வேண்டும், கொடியை அவசரப்பட்டு வெட்டக் கூடாது என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. உத்தரத்துக் கயிறும், நீவிவிட்ட கையும், நஞ்சு விழக் காத்திருந்த பொறுமையும் இதில் தெரியவில்லையா? பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டத்தை 2004இலேயே தொடங்கியது தமிழ்நாடு. அந்தத் துணையை எல்லா வார்டிலும் மனமார உள்ளே விடுங்கள் என்று செவிலியர் சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும், அதையும் அறிந்தே கேட்கிறேன்.

கர்நாடகத்தில் பாவகடா பக்கத்து மருத்துவச்சி சூலகித்தி நரசம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்! பிறப்புப் பதிவேட்டில் அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது. பிரசவம் பார்த்தவர் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதனால் வரும் இதழிலிருந்து அவர்களுக்காக ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் இந்த வாரமே கேளுங்கள். அவர் பெயர், ஊர், அவருக்குத் தெரிந்த கைவைத்தியம், உங்கள் வீட்டில் அவருக்குக் கொடுத்த கூலி, அவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்பதையும் விடாமல் எழுதுங்கள். பிள்ளையோ தாயோ பிழைக்காமல் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஊரில் இருந்தால், முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். பெயர் வெளியிட அவர்கள் சம்மதித்தால் மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்