முதிய நாயின் தண்ணீர்ச் சட்டியை எடுக்காதீர்கள்

ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: காவல் நாய்க்குப் பத்து வயது. இரண்டு மாதமாக வைக்கிற தண்ணீரையெல்லாம் குடிக்கிறது. இரவில் திண்ணையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. மாமனார் சொன்னதால் பொழுது சாய்ந்ததும் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிடுகிறார்கள். நாய் மெலிந்துகொண்டே வருகிறது. என்ன செய்யலாம்?

முதல் வேலை, சட்டியை இன்றே திரும்ப வைப்பது. நிறையக் குடிப்பதால் சிறுநீர் நிறையப் போகிறது என்று மாமனார் நினைப்பது இயல்புதான். ஆனால் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். சிறுநீரகம் பழுதானால் சிறுநீரைச் சுண்டவைக்க முடியாது; உடம்புத் தண்ணீர் அப்படியே வெளியேறும். அதை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. தண்ணீரை நிறுத்தினால், மிச்சமிருக்கும் சிறுநீரகமும் சீக்கிரம் கெடும்.

சந்தேகம் சரிதானா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். தொட்டியிலும் வாய்க்காலிலும் வாய் வைக்காதபடி ஒரு நாள் முழுக்க நாயை நிழலில் கட்டி, தண்ணீரை லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றுங்கள். 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், வெயில் காலத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போதும். இரண்டு லிட்டரைத் தாண்டினால் கோளாறு இருக்கிறது. வாயில் நாற்றம், வாய்ப்புண், வாந்தி, வெளிறிய ஈறு ஆகியவை நோய் முற்றியதன் அடையாளம். சர்க்கரை நோயிலும் இதே தாகம் வரும். பெட்டை நாயாக இருந்து, பருவத்துக்கு வந்து சில வாரங்களில் இப்படிக் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கால்நடை மருத்துவரிடம் போகும்போது காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான கரண்டியில் பிடித்து, பாட்டிலில் கொண்டுபோங்கள். இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. சிறுநீரகத்தில் முக்கால் பங்கு கெட்ட பிறகே இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். சிறுநீரின் அடர்த்தியும் அதில் புரதம் போவதும் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த நோய் குணமாகாது. ஆனால் ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மாதக்கணக்கில், சில நாய்கள் வருடக்கணக்கில்கூட நன்றாகவே இருக்கும். பாதி மருத்துவம் சாப்பாட்டில்தான். கருவாடு, எலும்பு, ஈரல், உப்புப் போட்ட குழம்பு எதுவும் வேண்டாம். எலும்பிலும் ஈரலிலும் பாஸ்பரஸ் அதிகம். குழைந்த சோறு, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, உப்பில்லாமல் வேகவைத்த கொஞ்சம் கோழிக்கறி போதும். கறியை அடியோடு நிறுத்திவிடக் கூடாது, தசை கரைந்துபோகும். சாப்பாட்டில் தண்ணீர் விட்டுப் பிசைந்து வையுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் வாந்திக்கும் மாத்திரை, தேவைப்பட்டால் தோலுக்கடியில் நீர் ஏற்றுவது எல்லாம் மருத்துவர் முடிவு செய்வது.

நாய் நொண்டினால் வீட்டில் கிடக்கும் வலி மாத்திரையில் பாதியைக் கொடுப்பது கிராமத்துப் பழக்கம். இபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் சிறுநீரகத்தை அடித்துவிடும். டைக்ளோஃபினாக் போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்ததால்தான், 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. பூனைக்கோ ஒரு பாரசிட்டமால் மாத்திரையே உயிருக்கு ஆபத்து. கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு இன்னொன்று: உதிர்ந்த திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இளம் நாய்க்குக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து வந்து சிறுநீர் குறைந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பிழைத்த நாய்க்கும் பிற்பாடு சிறுநீரகம் பலவீனமாகலாம். அதே கிருமி மனிதருக்கும் தொற்றும் என்பதால், அந்த நாயின் சிறுநீரைக் கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கழுவுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடப் போகும்போதே எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். இதையும் ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும்.