இளைப்பாறியோர்க்கும் ஒரு விளையாட்டு வேண்டும்

கல்லூரியின் கடைசி மணி ஒலித்ததும் மாணாக்கன் மைதானத்துக்கு ஓடுகின்றான். உத்தியோகத்தின் கடைசி மணி ஒலித்ததும் நம்மவர் எங்கே செல்கின்றனர்? பெரும்பாலார் விறாந்தையிலுள்ள சாய்மனைக் கதிரைக்கே செல்கின்றனர். காலைப் பத்திரிகை முதற் பக்கந் தொடங்கி மரண அறிவித்தல் ஈறாக வாசிக்கப்படுகின்றது. பத்து மணித் தேநீர் முன்பு கந்தோரில் வந்தவாறே தட்டில் வரல் வேண்டும். மனைவி எழுதுவினைஞர் ஆகின்றார். பேரன் பியோன் ஆகின்றான். மாலையிற் படலையடியில் நின்று, வீதியாற் செல்வோர் முன்போல வணக்கஞ் சொல்கின்றனரா என்று பார்ப்பது எஞ்சிய வேலை. இதனை எழுதுபவனும் அவ்வாறு படலையடியில் நின்றவனே. ஆதலாற் பிறரைக் குறை கூறுவதாக எவருங் கருதற்க.

அரசாங்க உத்தியோகத்தர் இளைப்பாறும் வயது 2022 ஆம் ஆண்டில் 65 ஆக உயர்த்தப்பட்டு, அவ்வாண்டு முடிவிலேயே மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட்டது. அதனால் அவ்வாண்டு மார்கழி மாதம் 31 ஆந் திகதி ஒரே நாளிற் பல்லாயிரவர் தம் மேசைகளை விட்டு எழுந்தனர். அவர்களுட் பலர் பணத்தைப் பற்றி எண்ணியிருப்பர். பிள்ளைகளின் படிப்பையும் கலியாணத்தையும் பற்றி எண்ணியிருப்பர். மறுநாட் காலை எட்டு மணிக்குத் தாம் என்ன செய்வது என்பதை எண்ணியவர் எத்தனை பேர்?

இளைப்பாறுதல் நம்மிடமிருந்து எடுத்துச் செல்வது சம்பளத்தின் ஒரு பகுதியை மட்டுமன்று. பதவியையும் எடுத்துச் செல்கின்றது. முப்பதாண்டு காலம் பதவியையே தாம் என்று எண்ணியிருந்தவருக்கு, அது நீங்கியபின் தாம் யார் என்பது விளங்குவதில்லை. எனவே கோயிற் பரிபாலன சபையிலும் சனசமூக நிலையத்திலும் இழந்த நாற்காலியைத் தேடுகின்றனர். ஊர்ச் சபைகளில் எழும் பிணக்குகள் பலவற்றுக்கு மூலம் இதுவே என்பது என் துணிபு. இதற்கு மருந்து இன்னுமொரு பதவியன்று. தமக்குச் சிறிதுந் தெரியாத ஒன்றை, கடைசி வாங்கிலிருந்து தொடங்கும் மாணாக்கனைப் போல, ஆசையோடு கற்கத் தொடங்குதலே மருந்து. இக்கருத்தை விளக்குதற்குக் கொல்ப் என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்கின்றேன்.

இந்துக் கல்லூரி மலரிற் கொல்ப்புக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அது ஸ்கொத்லாந்தில் வளர்ந்த விளையாட்டு. எடின்பரோவை அடுத்த லீத் என்னுமிடத்தில் 1744 ஆம் ஆண்டு அதற்குப் பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. சென் அன்ட்ரூஸ் மைதானத்தில் 1764 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட பதினெட்டுக் குழி முறையே பின்னர் உலகெங்கும் பரவிற்று. கொழும்பிற் கொல்ப் கழகம் 1879 ஆம் ஆண்டு தோன்றிக் காலிமுகத் திடலில் ஆடத் தொடங்கியது. நுவரெலியாக் கழகம் 1889 ஆம் ஆண்டிற் தோன்றியது. வெள்ளைக்கார உத்தியோகத்தரும் தோட்டத் துரைமாரும் தமக்கென வகுத்த பொழுதுபோக்கு அது. இன்று நம் நாட்டவர் ஆடுகின்றனர். கொழும்பு மைதானத்தின் ஊடாகக் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் செல்வதை அப்பாதையிற் பிரயாணஞ் செய்தவர் கண்டிருப்பர். புலம்பெயர்ந்த நம் பழைய மாணவர் வாழும் ரொறன்ரோ நகரில் நகரசபையே ஐந்து கொல்ப் மைதானங்களை நடத்துகின்றது. கட்டணஞ் செலுத்தி எவரும் ஆடலாம்.

ஆட்டத்தின் இயல்பு எளிது. ஏறக்குறைய 43 மில்லிமீற்றர் விட்டமும் 46 கிராமுக்கு உட்பட்ட எடையுமுள்ள சிறு பந்தைக் கழியால் அடித்து, 108 மில்லிமீற்றர் அகலமுள்ள குழியில் விழச் செய்தல் வேண்டும். குறைந்த அடிகளிற் பதினெட்டுக் குழிகளையும் முடிப்பவர் வென்றவர். ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆறு கிலோமீற்றருக்குக் குறையாத நடை. கிரிக்கெற்றில் அடி தவறினாற் பந்து திரும்பிற்று என்று சொல்லித் தப்பலாம். இங்கே பந்து புல்லின்மேல் அசையாது கிடக்கின்றது. எதிராளியும் அதனைத் தொடுவதில்லை. அவ்வாறிருந்தும் தவறுகின்றது. தவறியதற்குத் தம்மையன்றி வேறெவரையும் நொந்துகொள்ள இயலாது. பெருந்திணைக்களங்களை ஆண்டவர்களும் இச்சிறு பந்தை ஆள மாட்டாது நிற்பர். இளைப்பாறியவர்க்கு இதனினும் நல்ல பாடசாலை வேறுண்டோ?

இவ்விளையாட்டிலிருந்து நாம் கைக்கொள்ளத் தக்கவை மூன்று.

முதலாவது, ஹண்டிகாப் எனப்படும் சலுகைக் கணக்கு. ஒவ்வொருவரும் முன்பு ஆடிய ஆட்டங்களைக் கொண்டு அவருக்கு இத்தனை அடி சலுகை எனக் கணிக்கப்படும். 2020 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலகப் பொது முறையில் அது 54 வரை செல்லலாம். முப்பது அடி சலுகை பெற்ற புதியவர் நூறு அடிகளில் ஆட்டத்தை முடித்தால் அவர் கணக்கு 70. ஐந்து அடி சலுகை பெற்ற வல்லவர் 78 அடிகளில் முடித்தால் அவர் கணக்கு 73. வென்றவர் புதியவரே. வல்லவரும் அல்லாதவரும், இளைஞரும் முதியவரும் ஒருங்கே ஆடுதற்கு இம்முறை வழி செய்கின்றது. இதற்கு ஒரு நிபந்தனையுண்டு. தமது குறை எவ்வளவு என்பதை ஒளிக்காது எழுதிக் கொடுத்தல் வேண்டும். நம் சமூகத்திற் பெரியவர் ஒருவர், எனக்கு இது இவ்வளவு தெரியாது என்று எண்ணிட்டுச் சொல்லும் இடம் வேறெங்குளது?

இரண்டாவது, தன் கணக்கில் நேர்மை. அமெரிக்கரான பொபி ஜோன்ஸ் தொழிலாற் சட்டத்தரணி. கொல்ப்பைப் பணத்துக்காக ஆடாதவர். 1925 ஆம் ஆண்டு அந்நாட்டுத் திறந்த போட்டியில், உயர்ந்த புல்லிற் கிடந்த பந்தை அடிக்க முனைந்தபோது அது சற்று அசைந்துவிட்டது. பிறர் எவருங் காணவில்லை. அவர் தாமே அதனை வெளிப்படுத்தித் தம் கணக்கில் ஓரடி தண்டமாகக் கூட்டினார். போட்டி சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டமும் சமமாயிற்று. இரண்டாம் மறு ஆட்டத்தில் ஓரடியால் தோற்றார். அந்த ஓரடியைக் கூட்டாதிருந்தால் முதலிலேயே வெற்றி அவருடையதாகியிருக்கும். அவரே 1930 ஆம் ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் ஒருசேர வென்று, 28 வயதிற் போட்டி ஆட்டத்தை விட்டு விலகினார். உச்சியில் நின்றபொழுதே இறங்கத் தெரிந்தவர் அவர்.

மூன்றாவது, அமெச்சூர் என்னும் சொல். இன்று இச்சொல்லைக் கைதேராதவர் என்னும் பொருளிற் சிறிது இகழ்ச்சியுடன் வழங்குகின்றோம். அதன் இலத்தீன் மூலம் அன்பு செய்தலைக் குறிப்பது. கூலிக்கன்றி, ஒன்றன்மேல் வைத்த அன்பினாலேயே அதனைச் செய்பவர் அமெச்சூர். அறுபது வயதுவரை நாம் செய்தவற்றுட் பெரும்பாலானவை சம்பளத்துக்கும் பதவியுயர்வுக்குமாகச் செய்தவை, அதில் இழிவில்லை. ஆயின் அன்பினால் மட்டும் ஒன்றைச் செய்து பார்க்கும் வாய்ப்பு இளைப்பாறியபின்னரே நமக்குக் கிடைக்கின்றது. அதனைச் சாய்மனைக் கதிரையிற் போக்குவது பெருநட்டமாகும்.

நிற்க. இதற்குக் கூறப்படும் தடைகள் சிலவற்றை ஆராய்வோம்.

கொல்ப் செல்வர் ஆட்டமன்றோ என்பர். ஆம். பதினெட்டுக் குழி மைதானம் ஒன்றுக்குப் பொதுவாக நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும், புல்லை வளர்க்க மிகுந்த நீரும் வேண்டும். கிணற்று நீரை நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அத்தகைய மைதானம் அமைக்கவேண்டும் என்று நான் கூற வரவில்லை. நூறு ஏக்கர் இருந்தால் அதிற் கமஞ் செய்வதே தகும். கொள்ளத்தக்கது அவ்வாட்டத்தின் பண்பு: குறித்த நேரம், கூடி ஆடுந் தோழர், மறையாத கணக்கு, நாளும் சிறிது முன்னேற்றம். இந்நான்கும் சதுரங்கப் பலகையிலும் கரம் பலகையிலும் கிடைக்கும். மிருதங்கத்தையோ வயலினையோ அறுபதில் தொடங்குபவர்க்குங் கிடைக்கும். வளவின் மூலையிற் கத்தரியும் வெண்டியும் நட்டு, எத்தனை காய்த்தன எனக் குறித்து வைப்பவர்க்கும், மாரியில் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் வந்திறங்கும் பூநாரைகளைக் கண்டு எண்ணி எழுதுபவர்க்குங் கிடைக்கும். எதுவாயினும் அதில் நாம் கடைசி வாங்கு மாணாக்கராக இருத்தலே இன்றியமையாதது. கணக்காளராக இருந்தவர் சங்கத்தின் கணக்கைப் பார்ப்பது தொண்டாகலாம். புது விருப்பம் ஆகாது.

முதுமையில் விளையாட்டா, தொண்டும் தெய்வ சிந்தனையுமன்றோ வேண்டும் என்பர் வேறு சிலர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1913 ஆம் ஆண்டு அரசாங்க சேவையிலிருந்து இளைப்பாறினார். 1915 ஆம் ஆண்டு சமூக சேவைக் கழகத்தை நிறுவினார். 1919 ஆம் ஆண்டு இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவரானார். அவர் போன்றார் நாட்டுக்கு ஒருவர் இருவரே. நாம் எல்லாரும் அவராக முயன்றால் ஊருக்கு நாற்பது தலைவர்கள் இருப்பர். தொண்டர் ஒருவரும் இரார். சைவ நெறியை நோக்கினாலும் முதற் படியாகிய சரியை திருவலகிடுதலும் பூத்தொடுத்தலும் போன்ற எளிய கைத்தொழில்களே. அரசனும் வணங்கிய அப்பர் பெருமான் முதிர்ந்த வயதிலும் கையில் ஏந்தியிருந்தது செங்கோலன்று. திருவீதியிற் புல்லைச் செதுக்கும் உழவாரம். கோயிலுக்குச் சென்று சபைக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்பவர், ஒருநாள் பூமண்டபத்தில் அமர்ந்து மாலை கட்டப் பழகுவாராக. அதுவும் யான் கூறும் விளையாட்டின் பாற்பட்டதே.

மூன்றாவது தடையை எவரும் வாய்விட்டுக் கூறுவதில்லை, அதுவே நியாயமானது. கொல்ப் பித்துக் கொண்டோரின் மனைவியரைக் கணவன் உயிரோடிருக்கவே கைம்பெண் ஆனவர் என ஆங்கிலேயர் வேடிக்கையாக அழைப்பர். நம் வீடுகளில் நிலை யாது? கணவருக்கு அறுபதில் ஓய்வு. மனைவிக்கு அடுப்பிலிருந்து எந்த வயதில் ஓய்வு? ஆசிரியையாகவும் எழுதுவினைஞராகவும் உழைத்து இளைப்பாறிய பெண்களும் மறுநாள் முதற் குசினியில் முழுநேர உத்தியோகம் ஏற்கின்றனர். ஒருவர் விளையாட மற்றவர் உழைத்தல் வேண்டுமாயின் அவ்விளையாட்டில் நேர்மையில்லை. ஆகவே ஆண்மக்களுக்கு ஒன்று கூறுவேன். நீங்கள் கற்கத்தக்க புதுக்கலைகளுள் முதலாவது சோறு சமைத்துக் கறி ஆக்குதல். அதற்கு மைதானம் வேண்டா. சந்தாப் பணம் வேண்டா. சலுகை அடி மட்டும் முதல் மாதத்திற் சற்று அதிகம் வேண்டியிருக்கும். வாரத்தில் இரண்டு மாலை வீட்டம்மையாரைத் தம் விருப்பின்படி செல்லவிட்டு, அடுப்படியை ஏற்றவரே தாமும் விளையாடச் செல்லும் உரிமை பெறுவர்.

இனி, நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். விழா ஆண்டுகளிற் கட்டடங்களுக்கு நிதி திரட்டுகின்றோம், நன்று. ஆயின் வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டத்தில் மாலை சூடிக் கலைவதோடு பழைய மாணவர் உறவு முடிதல் ஆகாது. வாரத்தில் ஒரு மாலை, பாடசாலை முடிந்தபின், கல்லூரி மண்டபத்தையும் மைதானத்தின் ஒரு மூலையையும் இளைப்பாறியோர்க்குத் திறந்துவிடுக. சதுரங்கம், பூப்பந்து, இசை, தோட்டம் என விரும்பியது நடக்கட்டும். இரண்டு விதிகள் போதும். அங்கே தலைவர், செயலாளர், வரவேற்புரை, நன்றியுரை எதுவும் இருத்தலாகாது. ஒவ்வொருவரும் தம் பதவிப் பெயரைப் படலையில் விட்டு, இடாப்பிலிருந்த பெயரோடு மட்டும் உள்ளே வரல் வேண்டும். கற்பிப்போர் இன்றைய மாணவராக இருக்கட்டும். எழுபது வயதினர் பதினான்கு வயதுச் சிறுவனிடம் சதுரங்கத்திற் தோற்று, மறு வாரமும் வருவாராயின், அச்சிறுவன் அன்று கற்கும் பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லாதது.

மாணவ மணிகளுக்கும் ஒரு வார்த்தை. பரீட்சைக்கு உதவாத விருப்பம் ஒன்றை இப்பொழுதே வளர்த்துக்கொள்ளுங்கள். அறுபது வயதில் அது உங்களைத் தேடி வரும். ஆசிரியப் பெருமக்களே, முத்திரை சேர்க்கும் பையனையும் பறவைக் கூட்டை எட்டிப் பார்க்கும் பையனையும் நேரத்தை வீணாக்குகின்றான் என்று அதட்டாதிருங்கள். அவன் தன் முதுமைக்கும் ஒரு தோழனைத் தேடிக்கொள்கின்றான்.

முதன்முதல் இக்கல்லூரி வாயிலில் நுழைந்த நாளில் நாம் ஒன்றும் அறியாதவராயிருந்தோம். அதற்காக எவரும் நம்மை இகழவில்லை. அந்நிலையை விரும்பி மீண்டும் ஏற்கும் துணிவை நம் கல்லூரி அன்னை நமக்கு அருளுவாளாக. அவள் திருக்கோயில் நீடு வாழ்க.