இழுப்பறையில் இருந்த இனிப்பு



பங்கு அலுவலகத்தில் என் மேசைக்கு வலப்புறம் ஓர் இழுப்பறை உண்டு. முத்திரையும் மைப்பெட்டியும் வைப்பதற்காகச் செய்யப்பட்டது அது. ஆனால் பல ஆண்டுகளாக அதில் குடியிருந்தவை வேறு. திருமண ஓலை எழுத வருவோர் திருநெல்வேலி அல்வா கொணர்வர். பிள்ளை தேர்வில் தேறினால் மைசூர்பாகு வரும். தூத்துக்குடி சென்று திரும்புவோர் மக்ரூன் இல்லாமல் வருவதில்லை. அன்போடு தருவதை மறுப்பது எங்ஙனம்? நன்றி கூறி வாங்கி உள்ளே வைப்பேன். பிறகு பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதினால் ஒரு துண்டு. சான்றிதழில் கையொப்பமிட்டால் இன்னொரு துண்டு.

ஒருநாள் முற்பகலில் ஓர் இளைஞர் உள்ளே வந்து நின்றார். "சாமி, அப்பா தவறிட்டாங்க" என்றார். என் வாய் நிறைய மைசூர்பாகு. விழுங்கவும் இயலவில்லை, பேசவும் இயலவில்லை. ஆறுதல் கூற வேண்டிய வாய் அரை நிமிடம் மென்றுகொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன்.

அதே மாதம் இரத்தப் பரிசோதனையும் வந்தது. மூன்று மாதச் சராசரி காட்டும் அந்தக் கணக்கில் எனக்கு 6.1. 5.7 முதல் 6.4 வரை என்பது சர்க்கரை நோயின் வாசற்படி. அந்தப் படியில் நிற்பவன் நான் ஒருவன் மட்டும் அல்லன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

விட்டுவிடுவது என்ன பெரிய காரியம் என்றுதான் முதலில் எண்ணினேன். தவக்காலத்தில் நாற்பது நாள் இனிப்பைத் தொடாமல் இருப்பது எனக்கு ஒருபோதும் கடினமாக இருந்ததில்லை. ஆனால் உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாளே இழுப்பறை திறந்துவிடும்! மன உறுதியில் குறை இல்லை. குறை வேறெங்கோ இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

எனவே இழுப்பறைக்குள் ஒரு தாளை வைத்து, கை உள்ளே போகும்போதெல்லாம் ஒரு கோடும், காரணமாக ஒரு சொல்லும் எழுதலானேன். ஆறு நாளில் 23 கோடுகள். அவற்றில் 'பசி' என்று எழுதியவை நான்கே. மற்றவை? கணவன் மனைவி வழக்கைக் கேட்டு முடித்த களைப்பு. ஆயர் இல்லத்திற்கு அனுப்ப வேண்டிய வரவு செலவுக் கணக்கைத் தொடங்க மனமின்மை. சில இடங்களில் 'சும்மா'. நாக்கு கேட்டதைவிடக் கை கேட்டதே மிகுதி என்பது விளங்கிற்று. அலுவலகங்களில் பணிபுரியும் அன்பர்கள் இதை ஒரு வாரம் செய்து பார்க்கலாம். செலவு ஒரு தாள்தான்.

இடையில் நான் செய்த இரண்டு அறிவீனங்களையும் மறைக்கலாகாது. முதலாவது, மைசூர்பாகிற்குப் பதிலாகக் கருப்பட்டி மிட்டாய்க்கு மாறியது. கருப்பட்டியும் சர்க்கரையே என்பதை என் இரத்தம் நன்கு அறியும். இரண்டாவது, வருகின்ற பெட்டிகளை மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்றாடம் கொடுத்தது. ஒரு தாய் நேரே வந்து, "ஏற்கெனவே ரெண்டு பல்லு சொத்தை சாமி" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஸ்வீடன் நாட்டில் லுந்த் நகருக்கு அருகே விப்பேஹோல்ம் என்னும் மனநல மருத்துவமனையில் 1945 முதல் சில ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. உணவோடு உண்ட சர்க்கரை பல்லை அதிகம் கெடுக்கவில்லை. உணவு வேளைகளுக்கு இடையே அடிக்கடி தின்ற ஒட்டும் மிட்டாயோ பல்லைச் சீரழித்தது. இன்று உலகம் முழுதும் பல் மருத்துவர்கள் இடைத்தீனியைக் கண்டிப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் தங்கள் பல்லை இழந்த அந்த அறிவுவளர்ச்சி குன்றிய நோயாளிகளிடம் ஒருவரும் ஒப்புதல் கேட்கவில்லை. எளியோரின் வாய் அழிந்துதான் நமக்கு இந்த அறிவு வந்தது என்பதை மறக்க என்னால் முடியவில்லை. அதன் பின்னர் அந்நாட்டில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டுமே என்னும் வழக்கம் பரவிற்று.

அந்த வழக்கத்தை நானும் எடுத்துக்கொண்டேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை, மதிய உணவிற்குப் பின், ஒரு துண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறியபடி, நாளொன்றுக்குச் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நலம். ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. என் இரு வேளைக் காப்பியே அதில் பாதியைத் தின்றுவிடுகிறது. காலைத் திருப்பலிக்குப் பின் வெறுங்காப்பியோடு அமர்வதை விட்டு, இட்லி உண்டபின்பே அலுவலகம் செல்கிறேன். பதினொரு மணிக்கு வேண்டுமானால் அவித்த நிலக்கடலை. கை பரபரக்கும்போது எழுந்து கோயிலைச் சுற்றி ஒருமுறை நடந்து வருவேன். திரும்பும்போது ஆசை பெரும்பாலும் அடங்கியிருக்கும். எப்போதும் அன்று, கிறிஸ்துமஸ் வாரத்தில் தோற்றேன்.

கொண்டுவருவோர் மனம் நோகக் கூடாதல்லவா? பெட்டியை அவர்கள் முன்பே திறந்து, ஒரு கிள்ளு வாயிலிட்டு, மீதியை அப்போதே தாழ்வாரத்தில் காத்திருப்போருக்கு அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்கிறேன். எவர் முகமும் வாடியதில்லை. உபதேசியார் மட்டும் ஒரு துண்டைத் தன் மேசையில் வைத்திருக்கிறார். அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் அது அவருக்கு மருந்து. அத்தகையோர் என் பேச்சைக் கேட்டு இனிப்பை எறிந்துவிட வேண்டாம்.

இப்போது இழுப்பறையில் முத்திரையும் மைப்பெட்டியும் இருக்கின்றன. எறும்புகள்தாம் ஒரு வாரம் வரை வரிசையாக வந்து, மைப்பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பின.