கிழங்குக்காரருக்கும் அங்கே இடம் வேண்டும்

பகிர்வுப் பொருளாதாரம் என்றதும் கைப்பேசியில் கார் அழைப்பதுதான் பலருக்கு நினைவு வருகிறது. சேலத்துக்காரர்கள் வெகுகாலம் முன்பே கிடங்கையும் விற்பனையையும் பொதுவில் வைத்துக்கொண்டவர்கள். ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்கள் 1981-ல் சேர்ந்து தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அதற்குச் சாட்சி.

அதற்கு முன் சிறு ஆலைக்காரருக்குச் சரக்கு வைக்க இடமில்லை, கடன் கிடைப்பதும் அரிது. வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, பணத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். சங்கம் வந்தபின் மூட்டைகளைப் பொதுக் கிடங்கில் இறக்கி, அதன் பேரில் முன்பணம் வாங்கிக்கொண்டு, ரகசிய டெண்டரில் கட்டுப்படியாகும் விலை வரும்வரை பொறுத்திருக்க முடிந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலும் சங்கத்தின் உழைப்பு இருக்கிறது.

பொறுத்திருக்கும் அந்த வசதிதான், ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான கிழங்கை விளைவிக்கும் மரவள்ளி விவசாயிக்கு இல்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். ராசிபுரத்திலிருந்தோ சேந்தமங்கலத்திலிருந்தோ வந்த லோடு ஆலை வாசலில் நின்ற பிறகுதான் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் சொல்கிறார்கள். அளப்பவர் வாங்குபவரேதான். பாயிண்ட் குறைவு என்றால் கிழங்கைத் திருப்பிக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது? வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் கையை விட்டுப் போயிருக்கும். பத்து மாதப் பாடு அந்த ஒரு எண்ணில் அடங்கிவிடுகிறது.

ஆலைக்காரர்களும் சுகமாக இல்லை. கலப்படச் சரக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் நட்டத்தைச் சொல்ல ஒரு சங்கம் இருக்கிறது. விவசாயிக்கு, விலை விழும்போது ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டும் முத்தரப்புக் கூட்டம் மட்டுமே. அங்கே பேசி முடிக்கும் விலை ஆலை வாசலில் நிலைப்பதில்லை என்பது அவர்களது நெடுநாள் குறை.

உற்பத்தியாளர் சங்கத்தில் விவசாயிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பக்கத்து மோகனூர் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் கரும்பு விவசாயி அங்கத்தினர். நாமக்கல் கோழிப்பண்ணையாளருக்கு 1982 முதல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. முட்டை விலை நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. அதே மண்ணில் கிழங்கு விளைவிப்பவர் மட்டும் விலை தெரியாமல் வண்டி ஏற்றுவது நியாயமா? கட்டுப்படியாகாமல் அவர் மக்காச்சோளத்துக்கு மாறினால் ஆலைகள் எதை அரைக்கும்?

எனவே அரசு சேகோசர்வ் விதிகளைத் திருத்தி, மரவள்ளி விவசாயிகளை இணை உறுப்பினர்களாக்கி, நிர்வாகக் குழுவிலும் இடம் தர வேண்டும். கிழங்கு விலையை டெண்டர் விலையோடு கணக்கிட்டு இணைத்து, அதை அன்றன்றே அறிவிக்க வேண்டும். விதித் திருத்தத்துக்கு நாளாகும் என்றால், பாயிண்ட் அளவைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கிழங்கு மிகுந்த வட்டாரங்களில் பொது அளவை நிலையங்கள் திறந்து, அங்கே தரும் சீட்டையே ஆலைகள் ஏற்க வேண்டும் என்று சேலம், நாமக்கல் ஆட்சியர்கள் அடுத்த முத்தரப்புக் கூட்டத்திலேயே முடிவெடுக்கட்டும்.